அஞ்சலாட்சி சொன்னது முழுவதும்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒரு முறை எழுதிவிட்டேன். அச்சிலும் வந்துவிட்டது. 1960 ஏப்ரலில், ஒரு வாரப் பத்திரிகையில், 'மீன்காரி சாட்சி' என்ற தலைப்பில், தலையில் கூடையோடு வாயைப் பிளந்து நிற்கும் பெண்பிள்ளையின் படத்தோடு. நகைச்சுவைக் கதை என்று தலைப்புக்கு மேலேயே போட்டிருந்தார்கள், வாசகர் எங்கே சிரிக்காமல் போய்விடுவாரோ என்று. சிரிக்கத்தான் செய்தார்கள். என் ஆபீசில் ஒருவர் வரி வரியாகப் படித்துக் காட்டினார். நானும் அடக்கமானவன் போல முகத்தை வைத்துக்கொண்டு கூடவே சிரித்தேன்.

கதை என் சொந்தச் சரக்கில்லை. அந்த வருஷம் மாசி மாதம் ஒரு கல்யாண வீட்டில் கலியபெருமாள் என்பவர் அதை நடித்துக் காட்டினார். நான் வீட்டுக்கு வந்து சூடு ஆறுவதற்குள் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதையில் வருகிற மீன்காரியைக் கேட்க வேண்டும் என்பது தோன்றக்கூட இல்லை. (அந்த அம்மாள் அப்போது உயிரோடு இல்லை. அது பின்னால்தான் தெரிந்தது. தெரியாமல் செய்ததால் தப்பு குறைந்துவிடாது.)

கதை வெளிவந்து பத்தாம் நாள் எனக்கு ஒரு கார்டு வந்தது. அதனால்தான் இப்போது, 1962-இல், உட்கார்ந்து மறுபடி எழுதுகிறேன். கார்டில் என்ன இருந்தது என்று இங்கேயே சொல்லிவிடலாம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

2

எப்படித் தொடங்குவது என்பதிலேயே நாலு நாள் போயிற்று. அடித்தவற்றை அப்படியே விட்டு வைக்கிறேன்.

'பாண்டிச்சேரி கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்த கலியபெருமாளுக்குப் பிரெஞ்சும் தமிழும் இரண்டு கைகளாக—'

வேண்டாம். வழியனுப்பு விழாவில் மாலை போட்டுவிட்டுப் பேசுகிற பேச்சு இது.

'கலியபெருமாள் ஈவிரக்கமில்லாத—'

இது பொய். தெருநாய்க்குக்கூடச் சோறு வைக்கிற மனிதர். அவரைக் கெட்டவராக்கிவிட்டால் எனக்குச் சௌகரியம்தான், அவர் பின்னால் நான் ஒளிந்துகொள்ளலாம். அதனாலேயே அடித்துவிட்டேன்.

சரி, வேலையிலிருந்தே தொடங்குகிறேன். எல்லாரும் அவரைப் பிரெஞ்சுப் பாணியில் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, வெயிலிலும் மழையிலும். சாட்சிக்கூண்டுக்கும் நீதிபதியின் மேசைக்கும் நடுவில் நிற்பது அவர் வேலை. இந்தப் பக்கத்துத் தமிழைப் பிரெஞ்சாக்கி அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும், அந்தப் பக்கத்துப் பிரெஞ்சைத் தமிழாக்கி இந்தப் பக்கம் கொடுக்க வேண்டும். 1954 நவம்பரில் கொடி மாறியது. கோர்ட்டில் பாஷை மாறவில்லை. நீதிபதிக்குத் தமிழ் தெரியாது, சாட்சிகளுக்குப் பிரெஞ்சு தெரியாது, நடுவில் கலியபெருமாள்.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. அதை 'மடிக்கிறது' என்பார். வேலித் தகராறில் ஒருவன் தன் பாட்டன் காலத்திலிருந்து தொடங்கி, நடுவில் செத்துப்போன பசுமாட்டையும் இழுத்து, கால் மணி நேரம் பேசுவான். கலியபெருமாள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். அவன் முடித்ததும் நீதிபதி பக்கம் திரும்பி, "மறுக்கிறார்" என்று ஒரே சொல்லில் கொடுப்பார். நீதிபதிகளுக்கு அவரை மிகவும் பிடிக்கும். மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தால் மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு, முசியே இருந்தால் பன்னிரண்டுக்கு.

இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. அவருக்குப் பதவி உயர்வே இதற்காகத்தான் கிடைத்தது.

3

1956 மார்ச். வழக்கு என்று சொல்ல முடியாது, ஒரு மனு. முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி பக்கிரியின் மகள் சந்திரகலா. அவள் பிறந்தது எங்கேயும் எழுதப்படவில்லை. பிரசவம் ஆகி மூன்று நாளில் தாய் ஜெயம் இறந்துபோனார். பக்கிரி குடியில் விழுந்தார். மேரி என்கிற நகராட்சி ஆபீசில் போய்ப் பிறப்பை எழுதி வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் ஆளில்லை. இப்போது அந்தப் பெண்ணுக்கு மருத்துவச்சிப் படிப்பில் சேர ஆசை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, சேர்ந்துகொள் என்று சொல்லியும்விட்டார். பிறந்த சான்று மட்டும் வேண்டும். இருபத்தைந்து வயதுக்குமேல் சேர்க்க மாட்டார்கள்.

சான்று இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பிறந்ததை நேரில் அறிந்த ஒருவர், உறவில்லாதவர், கோர்ட்டில் வந்து இன்ன தேதி என்று சொல்ல வேண்டும். நீதிபதி திருப்தியானால் தீர்ப்பாகவே எழுதிக் கொடுப்பார், அதுவே சான்று. பக்கிரிக்குத் தேதி தெரியவில்லை, வருஷத்திலேயே சந்தேகம். கையைப் பிடித்துப் பிரசவம் பார்த்த ஒரே ஆள் வீராம்பட்டினத்து அஞ்சலாட்சி. அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவந்து விற்றவர்.

(முதல் கதையில் அஞ்சலாட்சியை 'அவள்' என்று எழுதியிருந்தேன். இப்போது 'அவர்'. இது ஒன்றும் பெரிய பிராயச்சித்தமில்லை.)

மனு போட்டவர் உள்ளே இருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டதால் சந்திரகலா வெளியே மரத்தடியில் நின்றாள். அஞ்சலாட்சி மட்டும் உள்ளே போனார். மணி பதினொன்றரை. கலியபெருமாளுக்கு அன்று காலையிலிருந்து நல்ல மனநிலை. அதையும் சொல்லியாக வேண்டும். கோபத்தில் செய்திருந்தால் மன்னித்துவிடலாம்.

4

இதோ அஞ்சலாட்சி சொன்னது. இதைக் கோர்ட்டுக் காகிதத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. கலியபெருமாளின் வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது. நாலு வருஷமாகக் கல்யாண வீடுகளில் இதை அவர் நடித்துக் காட்டியிருக்கிறார். நீதிபதிக்கு ஒரு குரல், தனக்கு ஒரு குரல், அஞ்சலாட்சிக்கு ஒரு குரல். அபாரமான ஞாபகம். ஒரு சொல் விடமாட்டார்.

"இந்தப் பொண்ணு பொறந்த தேதி தெரியுமா உனக்கு?"

"தேதி தெரிஞ்சா நான் எதுக்குய்யா கூடை தூக்கறேன். நடந்ததச் சொல்றேன், தேதிய நீங்க போட்டுக்குங்க. எங் கலியமூர்த்தி ஆனி முடிய மூணு நாளு இருக்கச்சொல்ல பொறந்தான். அவனுக்குக் காயிதம் இருக்குது. அவங்கப்பன் ஒரு காரியத்துக்கும் ஒதவாத ஆளு, அன்னிக்கி மட்டும் குடிக்கிறதுக்கு முன்னாடியே மேரிக்குப் போயி எழுதிட்டு வந்துட்டான். இந்தா, இங்கதான்—"

(இந்த இடத்தில் அஞ்சலாட்சி இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்ப்பார்.)

"பைய மூடு. இங்க வெத்தல போடக் கூடாது."

(இது கலியபெருமாளின் சொந்தக் குரல். கல்யாண வீட்டில் முதல் சிரிப்பு.)

"வெத்தல இல்லீங்கய்யா. சரி, சொல்லிடறேன். முப்பது கழிஞ்சி தலைக்கு ஊத்திக்கினேன். அப்பவே கூடைய எடுத்திருப்பேன், எங்க மாமியா விடல. ஆத்தா தேர பாக்காம தலையில கூடை ஏறக் கூடாதுன்னு ஒரே புடிவாதம். ஆடி அஞ்சாம் வெள்ளி தேரு ஓடிச்சி. சனி, ஞாயிறு ஊரெல்லாம் கறிச்சோறு, எவ மீனு வாங்குவா? திங்கக்கெழமதான் எடுத்தேன். சங்கரா மீனு பாதி, காரப்பொடி மீனு பாதி. ஒரு மாசம் சும்மா இருந்த தல, கழுத்து வலி உசுரு போவுது. முதலியார்பேட்டையில ஜெயம் வூட்டாண்ட வரச்சொல்ல உள்ள சத்தம். கூடைய நடையிலயே எறக்கிட்டு ஓடறேன். பூன வரும்னு தெரியும்யா. தெரிஞ்சிதான் எறக்கினேன்."

(இரண்டாவது சிரிப்பு. இங்கே நீதிபதி "பூனையா?" என்று பிரெஞ்சில் கேட்பதாக ஒரு நடிப்பு. நிஜத்தில் அவர் அப்படிக் கேட்கவில்லை என்று கலியபெருமாளே பின்னால் ஒப்புக்கொண்டார்.)

"புள்ள பொறந்திச்சி. பொட்டப்புள்ள. வெளிய வந்து பாத்தா சங்கராவுல ஒண்ணு மிச்சமில்ல. வியாழக்கெழம ஜெயம் போயிடிச்சி. இது கத்திக்கினே கெடக்குது, யாருகிட்ட பாலு இருக்குது? எனக்கு இருந்திச்சி. காத்தால போவச்சொல்ல ஒரு வாட்டி, திரும்பறப்ப ஒரு வாட்டி, வந்து குடுத்துட்டுப் போவேன். வூட்டுல அவன் பசியில கத்துவான். எம்மவனுக்கு வலது, இதுக்கு எடதுன்னு வச்சிக்கினேன்யா."

இங்கே கலியபெருமாள் முந்தானையை ஒதுக்குவதுபோல் கையால் ஒரு சாடை காட்டுவார். ஆண்கள் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவ்வளவு பெரிய சிரிப்பு. அதற்கு அடியில் அவர் கடைசி வாக்கியத்தையும் சொல்லித்தான் முடிப்பார், விட்டுவிட மாட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் என் காதில் விழுந்தது:

"அவன் இத விட முப்பத்தேழு நாளு பெரியவன். அவன் காயிதத்துல முப்பத்தேழு நாளு கூட்டிக்குங்கய்யா."

நானும் இந்த வாக்கியத்தை விடாமல் எழுதினேன். என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதினேன்.

5

அன்று கோர்ட்டில் இத்தனையும் கேட்டுவிட்டு நீதிபதி கலியபெருமாளைப் பார்த்தார். குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். வாசலில் சேவகன் அடக்கக்கூட இல்லை. கலியபெருமாளுக்கும் உதடு துடித்தது. மணி பன்னிரண்டாகப் போகிறது. அவர் மடித்துக் கொடுத்தார். குமாஸ்தா எழுதிக்கொண்டது இரண்டே வரி: சாட்சியின் பேச்சு திஸ்கூர்சிஃப் ஆக உள்ளது. அவரிடமிருந்து பிறந்த தேதி எதுவும் பெற முடியவில்லை.

மனு தள்ளுபடி.

திஸ்கூர்சிஃப். இந்தச் சொல்லைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதி வைத்திருந்தேன். மூன்று பக்கம் கிழித்துப் போட்டுவிட்டேன், மிச்சம் இது. பிரெஞ்சில் இதற்கு இரண்டு பொருள். காரணம் காட்டி, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் படிப்படியாகப் போகும் பேச்சும் திஸ்கூர்சிஃப். இங்கே ஓடி, அங்கே ஓடி, பிடிகொடுக்காமல் திரியும் பேச்சும் திஸ்கூர்சிஃப். நேர் எதிரானவை இரண்டும் ஒரே சொல்லில் எப்படிக் குடியிருக்கின்றன என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். அப்புறம் யோசித்தால் நம்மிடம் நிலைமை இன்னும் மோசம். நாம் இரண்டு தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம், ஆளைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறோம். வக்கீல் நீட்டினால் வாதம். பண்டிதர் நீட்டினால் வியாக்கியானம். மீன்காரி நீட்டினால் வளவளப்பு, அளப்பு, பினாத்தல். பேச்சைக் கேட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்லை. புடவையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்.*

* புடவை என்று எழுதியதும் அழகாக அமைந்துவிட்டதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இந்த லட்சணத்தில்தான் நான் வெட்கப்படுகிறேன்.

அஞ்சலாட்சி பேசியது கூடைக்காரியின் நடை. வீடு வீடாக நின்று, ஒவ்வொரு வாசலிலும் ஒரு வார்த்தை பேசி, ஆனால் போக வேண்டிய வீட்டை ஒரு நாளும் தவறவிடாமல். மகன் பிறந்தது, தலைக்கு ஊற்றியது, தேர், திங்கட்கிழமை, பிரசவம். எதை எடுத்தாலும் கணக்கு அறுந்துபோகும். பூனை மட்டும் தேவையில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். அதையும் நான் சொல்ல மாட்டேன். அன்றைய பிழைப்பைப் பூனைக்கு விட்டுவிட்டு உள்ளே ஓடியவர் என்பது அதில்தான் இருக்கிறது.

6

கார்டு. முத்தியால்பேட்டையிலிருந்து, வடிவேல், தையற்கடை. கையெழுத்து குண்டு குண்டாக.

'ஐயா, தங்கள் கதையைக் கடையில் படித்துக் காட்டினார்கள். அனைவரும் சிரித்தோம். வீட்டுக்குப் போய் நானே ஒரு முறை படித்தேன். அந்த அம்மாள் தேதியைச் சொல்லிவிட்டார்களே? மகன் பிறந்த காகிதத்தில் முப்பத்தேழு நாள் கூட்டினால் வந்துவிடுகிறது. திங்கட்கிழமையா என்றும் சரி பார்த்துக்கொள்ளலாம். காகிதம் பையில் இருக்கிறது என்கிறார்கள். அதை ஏன் யாரும் வாங்கிப் பார்க்கவில்லை? கதையில் அதைச் சொல்லத் தவறிவிட்டீர்களா? அன்புடன்.'

இந்தத் தையற்காரர் பாத்திரத்தை வாசகர் நம்புவாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கணக்கு வாத்தியாராக மாற்றி எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. வாத்தியாராக இருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. கல்யாண வீட்டில் சிரிப்பில் அமுங்கிப்போன வாக்கியம் அச்சில் அமுங்கவில்லை, அவ்வளவுதான். அச்சில் சிரிப்புச் சத்தம் கிடையாது. ஒருவர் தனியாக உட்கார்ந்து படித்தார், தெரிந்துவிட்டது.

இப்போது முதல் பிரிவிலேயே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்கிறேன். கார்டு வந்தது 1960 ஏப்ரல் கடைசியில். அஞ்சலாட்சியின் கணக்குப்படி சந்திரகலா பிறந்தது 1935 ஆகஸ்டு பத்தொன்பது. இருபத்தைந்து நிறைய இன்னும் நாலு மாதம் இருந்தது. புது மனு போட்டிருந்தால் இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும் என்று பின்னால் ஒரு வக்கீல் சொன்னார். நான் கார்டை என்ன செய்தேன்? மேசை இழுப்பறையில் போட்டேன். பத்திரிகைக்காரர் இன்னொரு நகைச்சுவைக் கதை கேட்டிருந்தார். இந்த நேரத்தில், முதல் கதையில் சிரிக்க ஒன்றுமில்லை என்று நானே போய்ச் சொல்வதா என்று—

இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம். எப்படி முடித்தாலும் எனக்குச் சாதகமாகவே முடிகிறது.

அக்டோபரில் இழுப்பறையைத் திறந்தேன்.

7

கலியபெருமாள் கார்டை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் படித்தார்.

"யாருய்யா இந்தத் தையக்காரன்?"

"தெரியாதுங்க. நேர்ல பாத்ததில்ல."

எழுந்து உள்ளே போய்த் தடித்த பிரெஞ்சு அகராதி ஒன்றைக் கொண்டுவந்தார். நின்றபடியே புரட்டினார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. கண்டுபிடித்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் பார்க்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்குதுய்யா. காரணத்தோட, வரிசையாப் பேசறதுன்னு மொதல் அர்த்தமே போட்டிருக்கான். நான் அந்த அர்த்தத்துலதான் போட்டேன்னு வச்சிக்கலாம். நீதிபதி வேற மாதிரி எடுத்துக்கிட்டார்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

"அடுத்த வரி என்ன போட்டீங்க?"

போட்டது இதுதான்: தேதி எதுவும் பெற முடியவில்லை. அந்த வரிக்கு ஒரே அர்த்தம்தான். அவர் அகராதியை மூடி, உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார்.

அவருக்குள் அப்போது என்ன ஓடியது என்பதை ஊகித்து எழுதவில்லை, அவரே பின்னால் சொன்னார். அந்தப் பை ஞாபகத்துக்கு வந்ததாம். இத்தனை வருஷம் நடித்தும், சுருக்கை அவிழ்க்கும் விரலை அச்சாக அப்படியே செய்து காட்டியும், பைக்குள் என்ன இருந்தது என்று அவர் ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. ஒருவரை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து வைத்துக்கொண்டு, ஆளையே பார்க்காமல் இருக்க முடியுமா?

"அந்தம்மா காயிதத்த எடுக்கத்தான் போச்சி," என்றார். "வெத்தலன்னு நெனச்சிட்டேன்."

அகராதியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இல்ல," என்றார். "நெனைக்கவும் இல்ல. வெத்தலன்னு சொன்னா சிரிப்பாங்க. அதனால சொன்னேன்."

அன்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தோம். வீராம்பட்டினம் போய் கலியமூர்த்தியின் சான்றைப் பார்ப்பது. அஞ்சலாட்சி சொன்னது முழுவதையும் கலியபெருமாள் பிரெஞ்சில் எழுதி, தான் அன்று சரியாக மொழிபெயர்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் கொடுப்பது. அடுத்த வாரமே வீராம்பட்டினம் போனோம். அஞ்சலாட்சி முந்தின வருஷமே மஞ்சள்காமாலையில் இறந்துவிட்டிருந்தார். மகன் தகரப் பெட்டியிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினான். 1935 ஜூலை பதின்மூன்று. பஞ்சாங்கத்தை வைத்துக் கூட்டினோம். திங்கட்கிழமைதான்.

அப்புறம் கையெழுத்து. அதற்கு அவர் இன்றைக்கு, நாளைக்கு என்றார். தீபாவளி போகட்டும் என்றார். உத்தியோகத்தில் இருக்கும்போது தன் மொழிபெயர்ப்பு தப்பு என்று தானே எழுதிக் கொடுத்தால் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் நெருக்கவில்லை. ஐந்து மாதம் இழுப்பறையில் போட்டவன் எந்த வாயால் நெருக்குவது. கல்யாண வீடுகளில் அவர் நடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார். 1962 சித்திரையில் ஓய்வு பெற்றார். ஆனியில் கையெழுத்துப் போட்டார்.

8

முடிவு. எழுதிப் பார்த்தவை:

(அ) கோர்ட் கலியபெருமாளின் வாக்குமூலத்தை ஏற்கிறது. சந்திரகலா வெள்ளைச் சீருடையில் ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறாள். — முடியாது. வயது தாண்டிவிட்டது. அதைத் தாண்டவிட்டவன் இதை எழுதுகிறான்.

(ஆ) அவள் கலியபெருமாளை மன்னித்துக் காப்பி கொடுக்கிறாள். — இந்தக் காப்பியை ஆறு தடவை எழுதினேன், ஒரு தடவை டம்ளரில், ஒரு தடவை லோட்டாவில். அவள் காப்பி கொடுக்கவில்லை.

(இ) நடந்தது.

சந்திரகலா அதே ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் துணி அலசுகிறாள். அதற்குச் சான்று தேவையில்லை, தினக்கூலி. சான்று வந்தால் வேலையை நிரந்தரமாக்குவார்கள், அவ்வளவுதான் இப்போது அதற்கு மிச்சமிருக்கும் பயன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலியார்பேட்டையில் அவள் வீட்டுக்குப் போனோம். பக்கிரி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் எங்களைப் பலகையில் உட்காரச் சொல்லிவிட்டு எதிரே நின்றாள். சோடா உப்பு பட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

கலியபெருமாள் முத்திரைத் தாள்களை எடுத்து நீட்டினார். முன்னும் பின்னுமாக நாலு பக்கம், நெருக்கி நெருக்கிப் பிரெஞ்சில். அவள் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு இது படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்குது?"

இருபத்தாறு வருஷப் பழக்கம். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரே வரியில் கொடுத்தார்: "சாட்சி சரியாத்தான் சொன்னாங்கன்னு எழுதியிருக்கேம்மா."

சொன்னதும் அவருக்கே தெரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன்.

"நாலு பக்கம் இருக்குதே," என்றாள் சந்திரகலா. குரலில் கோபம் எதுவும் இல்லை. "அஞ்சலாட்சி அத்தை என்ன சொல்லிச்சின்னு எனக்குத் தெரியாது. நான் வெளிய மரத்தாண்ட நின்னுக்கினு இருந்தேன். வந்து, 'நல்லா சொல்லிட்டேன் கண்ணு, காயிதம் வந்துடும்'னுதான் சொல்லிச்சி. அப்பறம் காயிதம் வரலன்னதும், நாம என்னமோ தப்பாப் பேசிட்டோம்னு சாவற வரைக்கும் அழுதுக்கினே இருந்திச்சி."

கலியபெருமாள் தாளை வாங்கக் கை நீட்டினார்.

"முழுசா சொல்லுங்க," என்றாள் அவள். "கல்யாண வூட்டுல எல்லாம் முழுசா சொல்லுவீங்களாமே. எங்க வார்டுல ஒருத்தங்க கேட்டிருக்காங்க."

இதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதவில்லை. எழுத முடியாததால் அல்ல, அங்கேயே உட்கார்ந்திருந்தேன், எல்லாம் கேட்டேன். ஆனால் அவள் கேட்டது அவரை. நான் எடுத்து எழுதினால் எனக்கு வசதியான இடத்தில் மடித்துவிடுவேன், இதுவரை அதைத்தான் செய்திருக்கிறேன். அவர் எந்தக் குரலில் தொடங்கினார், எம்மவனுக்கு வலது என்ற இடத்துக்கு வந்தபோது அந்தப் பெண்ணின் எதிரே அதை எப்படிச் சொன்னார், சொன்னாரா என்பதை நீங்களே சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் வேண்டாம், வாய்விட்டு, எதிரே ஒருவரை நிறுத்தி வைத்து. நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று முறை முயன்றேன். பூனை வரைக்கும்தான் போக முடிந்தது.